தெருப் பெயரை விடுங்கள், செக்குபந்தியைப் பாருங்கள்

தமிழ்நாட்டில் அய்யம்பாளையங்கள் பல. நாமக்கல் பக்கம் உண்டு, முசிறிப் பக்கம் உண்டு, கொங்கு நாட்டில் இன்னும் சில உண்டு. நான் இங்கே பேசப்போவது திண்டுக்கல் மாவட்டத்து அய்யம்பாளையம். கீழ்ப்பழனி மலையின் அடிவாரத்தில், மருதாநதி பாயும் தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கும் ஊர். சித்தரேவு, பெரும்பாறை, தாண்டிக்குடி என்று காப்பித் தோட்டங்களுக்கு ஏறும் மலைப்பாதை இந்தப் பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறது. ஆத்தூர் தாலுகா அய்யம்பாளையம் என்று சொன்னாலும் குழப்பம் தீராது. சேலத்துப் பக்கமும் ஓர் ஆத்தூர் தாலுகா இருக்கிறது. தாத்தா பாட்டி வாழ்ந்த வீட்டைத் தேடி வருகிறவர்களின் கையில் பெரும்பாலும் இருப்பது "கீழத்தெரு, அய்யம்பாளையம், மதுரை ஜில்லா" என்பதுபோல ஒரு வரிதான். அந்த வரியின் மூன்று பகுதிகளும் தேடுகிறவரைக் கைவிடக்கூடியவை. கீழத்தெரு இல்லாத ஊரே தமிழ்நாட்டில் இல்லை. அய்யம்பாளையத்தின் கதையைச் சொல்லிவிட்டேன். மதுரை ஜில்லாவோ 1985 செப்டம்பரில் பிரிந்து திண்டுக்கல் தனி மாவட்டமானது. அதற்கு முந்தைய காகிதங்களில் எல்லாம் மதுரை என்றுதான் இருக்கும். இன்றைய மதுரை மாவட்டத்தில் போய்த் தேடினால் ஒன்றும் கிடைக்காது. மறைந்துபோன தெருவையும் வீட்டையும் பெயரை வைத்துத் தேடுவது பலனளிக்காது. அவற்றைச் சுற்றி இருந்தவற்றை, அதாவது எல்லைகளை வைத்துத் தேட வேண்டும் என்பதுதான் இந்தப் பதிவின் வாதம்.

ஊர்ப் பெயர்தான் இப்படி என்றால் ஆள் பெயர் அதைவிட மோசம். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். ஒரே வீட்டில், அறுபது எழுபது ஆண்டு இடைவெளியில், ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பார்கள்; பங்காளி வீடுகளிலும் அதே பாட்டன் பெயர் இருக்கும் என்பதால், ஒரு தெருவில் ஒரே காலத்தில் மூன்று கருப்பையாக்கள் வாழ்ந்திருக்கக்கூடும். தகப்பன் பெயர் தெரியாமல் ஓர் ஆவணத்தைப் படித்து "இவர்தான் எங்கள் கொள்ளுத் தாத்தா" என்று முடிவுகட்டுவது ஆபத்து. பெயருக்குப் பின்னால் வந்த சாதிப் பட்டமும் நிலையாக இருந்ததில்லை. அய்யம்பாளையத்துக்குப் பக்கத்து ஊரான பட்டிவீரன்பட்டியைச் சேர்ந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன்தான் 1929இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். பெயரோடு சாதிப் பட்டம் போடுவதைக் கைவிட வேண்டும் என்று தீர்மானம் போட்ட மாநாடு அது. அதற்குப் பிறகு பட்டத்தை விட்டவர்கள் இருக்கிறார்கள், விடாதவர்கள் இருக்கிறார்கள், கல்யாணப் பத்திரிகையில் போட்டுக்கொண்டு கிரயப் பத்திரத்தில் விட்டவர்களும் இருக்கிறார்கள். ஆகவே ஒரே மனிதர் 1925ஆம் ஆண்டுப் பத்திரத்தில் ஒரு பெயரிலும் 1935ஆம் ஆண்டுப் பத்திரத்தில் இன்னொரு பெயரிலும் தென்படலாம். சென்னையில் அந்தச் சௌந்தரபாண்டியன் பெயரால் அமைந்த அங்காடியை ஊரே பாண்டி பஜார் என்றுதான் சொல்கிறது. பெயர்ப்பலகையில் இருப்பது ஒன்று, நாக்கில் இருப்பது ஒன்று, பத்திரத்தில் இருப்பது மூன்றாவது ஒன்று என்பது நம் தெருக்களின் இயல்பு.

கடல் கடந்து போனவர்களின் வழித்தோன்றல்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். 1860க்கும் 1911க்கும் இடையே இந்தியாவிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள். கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் என்று எழுதியிருக்கிறார்கள். மொரிஷியஸின் குடியேற்ற ஆவணங்கள் அங்குள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. ஆனால் கிராமத்தின் பெயரை எழுத்தர் தன் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிவைத்திருப்பார். அதை வைத்து ஊரைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் கிராமத்தின் பெயரைவிடத் தாலுகாவின் பெயரையே முதலில் நம்ப வேண்டும். அந்தத் தாலுகாவுக்கு அந்த ஆண்டில் எல்லை எதுவாக இருந்தது என்று பார்த்து, அதற்குள் இருந்த ஊர்களோடு மட்டும் ஒப்பிட வேண்டும். இங்கேயும் எல்லைதான் முதலில், பெயர் அதற்குப் பிறகு.

இனி வீட்டுக்கு வருவோம். பழைய கிரயப் பத்திரம் எதை எடுத்தாலும் கடைசியில் சொத்து விவரம் இருக்கும். அதில் தெருப் பெயர் இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும். செக்குபந்தி மட்டும் அநேகமாக இருக்கும்: இன்னார் வீட்டுக்குக் கிழக்கு, இன்னார் காலிமனைக்கு மேற்கு, பொதுச்சந்துக்குத் தெற்கு, வடக்குப் பார்த்த கோயில் மதிலுக்கு வடக்கு என்று நான்கு பக்கமும் சொல்லியிருப்பார்கள். இதைத் தலைகீழாகப் படித்து ஏமாறுகிறவர்கள் நிறைய. "முத்தையா வீட்டுக்குக் கிழக்கு" என்றால் நம் வீடு முத்தையா வீட்டுக்குக் கிழக்கே இருக்கிறது. முத்தையா வீடு நமக்கு மேற்கு எல்லை. இதை மாற்றிப் படித்தால் தெருவின் அந்தக் கோடிக்குப் போய்விடுவீர்கள். சரியாகப் படித்தால் அடுத்த வேலை தெளிவாகிவிடும். அந்த முத்தையாவின் பத்திரத்தைத் தேட வேண்டும். அதில் கிழக்கு எல்லையாக உங்கள் தாத்தாவின் பெயர் இருக்க வேண்டும். இருந்தால் இரண்டு பத்திரமும் ஒன்றுக்கொன்று சாட்சி. முத்தையாவின் மேற்கு எல்லைக்காரரை அடுத்துத் தேடுங்கள். இப்படி வீடு வீடாக நகர்ந்தால் எங்காவது ஓர் இடத்தில் நகராத ஒன்று எதிர்ப்படும்: கோயில், ஊருணி, வாய்க்கால், வண்டிப்பாதை, சாவடி, பொதுக்கிணறு. அங்கிருந்து அளந்துகொண்டு திரும்பினால் மறைந்த வீடு நின்ற மனைக்கு வந்து சேரலாம். நம் பெண்களின் பெயர்கள் அதிகம் வெளிப்படுவதும் இந்தப் பத்திரங்களில்தான். மகளுக்கு எழுதிய தானசெட்டில்மெண்ட், விதவைக்கு எழுதிய ஜீவனாம்ச உரிமை, சீதனப் பணத்தில் வாங்கிய மனை என்று, வம்சாவளிப் பட்டியல்கள் விட்டுவிட்ட பெண்கள் அங்கே சொந்தப் பெயரோடு நிற்கிறார்கள்.

இவற்றை எங்கே தேடுவது என்று கேட்பீர்கள். சார்பதிவாளர் அலுவலகத்தின் 1 புத்தகத்தில் அசையாச் சொத்துப் பத்திரங்கள் முழுமையாகப் படியெடுக்கப்பட்டிருக்கும். அதற்கு இரண்டு அட்டவணைகள் உண்டு. ஒன்று ஆள் பெயர் வரிசையில், இன்னொன்று சொத்து இருக்கும் ஊர் வரிசையில். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி 1 புத்தகத்தையும் அதன் அட்டவணையையும் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகல் வாங்கலாம். சொத்துக்காரராக இருக்க வேண்டியதில்லை. நம்மவர்கள் வில்லங்கச் சான்றை மனை வாங்கும்போது மட்டும் எடுக்கிறார்கள். குடும்ப வரலாற்றுக்கு அதைவிடச் சிறந்த வாசல் இல்லை. ஒரு மனையின் மீது தலைமுறை தலைமுறையாகப் பதிவான விற்பனை, அடமானம், பாகப்பிரிவினை அத்தனையும் அதில் வரிசையாக வரும். பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் புதையல் கிடைத்த மாதிரி. ஒரு தலைமுறையின் அண்ணன் தம்பிகள் அனைவரும் தகப்பன் பெயரோடும், யாருக்கு எந்த அறை, எந்தக் கிணற்றில் எத்தனை பங்கு என்பதோடும் அதில் இருப்பார்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். சார்பதிவகங்களின் எல்லைகளும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன. பத்திரம் எழுதிய ஆண்டில் அந்த ஊர் எந்த அலுவலகத்தின்கீழ் இருந்ததோ அங்கேதான் பழைய தொகுதிகளைக் கேட்க வேண்டும்.

வயல், தோப்பு, தோட்டம் என்றால் வேலை இன்னும் எளிது. அவற்றுக்குச் சர்வே எண் உண்டு. சென்னை மாகாணத்தில் 1858இல் தொடங்கிய அளவைப் பணி ஒவ்வொரு வயலையும் கல் நட்டு, சங்கிலியால் அளந்து, எண் கொடுத்தது. ஒரு சங்கிலி 66 அடி, அதில் 100 கண்ணி. புலப்பட நூலில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு வரைபடம், அ பதிவேட்டில் அதன் விஸ்தீரணம், தீர்வை, பட்டாதாரர் பெயர். அடங்கலில் அந்த ஆண்டு என்ன பயிர் என்பதுகூட இருக்கும். இந்தக் கணக்குகள் எல்லாம் பசலி ஆண்டில் இருக்கும். ஜூலை முதல் ஜூன் வரை ஒரு பசலி. ஆங்கில ஆண்டிலிருந்து 590ஐக் கழித்தால் அந்த ஆண்டு ஜூலையில் தொடங்கும் பசலி வரும். பசலி 1300 என்றால் 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை. பழைய பத்திரங்களில் வரும் தமிழ் ஆண்டுப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும் என்பதால், அதோடு பசலியையோ ஆங்கிலத் தேதியையோ சேர்த்துப் பார்க்காமல் காலத்தை முடிவு செய்யக் கூடாது. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம், ஊரில் எல்லோரும் யு.டி.ஆர். என்று சொல்வது, ஏக்கர் சென்டை ஹெக்டேர் ஏராக மாற்றியது. பல இடங்களில் உட்பிரிவு எண்களையும் மாற்றியது. இன்று இணையத்தில் எளிதாகக் கிடைக்கும் பட்டாவும் புலப்படமும் யு.டி.ஆருக்குப் பிந்தியவை. தாத்தாவின் பத்திரத்தில் உள்ள உட்பிரிவை அப்படியே அதில் தட்டினால் வேறொருவரின் வயல் வந்து நிற்கும். பழைய எண்ணுக்கு நேரான புதிய எண் எது என்று ஒப்பீட்டுப் பட்டியலில் பார்த்த பிறகே படத்துக்குப் போக வேண்டும்.

ஆனால் வீடு வயல் அல்ல, அது ஊர் நத்தத்தில் இருக்கும் என்பது என் வாதத்துக்கு எதிரான முதல் கேள்வி, நியாயமான கேள்வி. பழைய அளவையில் ஊர் நத்தம் முழுவதற்கும் சேர்த்து ஓர் எண்ணோ சில எண்களோதான். அதற்குள் இருந்த வீடுகளுக்குத் தீர்வை கிடையாது, ஆகவே தனித்தனியாக அளக்கவும் இல்லை. 1980களின் பிற்பகுதியில் தொடங்கிய நத்தம் நிலவரித் திட்டத்தில்தான் வீட்டு மனைகள் ஒவ்வொன்றாக அளக்கப்பட்டு, முதலில் தோராயப் பட்டாவும் பிறகு தூய பட்டாவும் கொடுத்தார்கள். அதற்கு முன் இடிந்துபோன வீடு நில அளவையில் இருக்காது. இந்தக் குறையை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே காரணத்தால்தான் நத்தத்து வீடுகளுக்குச் செக்குபந்தி இத்தனை முக்கியமாகிறது. எண் இல்லாத இடத்தில் அண்டை வீட்டார்தான் முகவரி. அதோடு வீட்டு வரிக் கேட்புப் பதிவேடு பேரூராட்சியில் இருக்கிறது. வரி ரசீதுகளில் பழைய கதவு எண், புதிய கதவு எண் இரண்டும் சேர்ந்து வரும் ஆண்டு ஒன்று எந்த ஊரிலும் இருக்கும்; அந்த ஆண்டின் ரசீது ஒன்று கிடைத்தால் இரண்டு காலங்களுக்கும் பாலம் போட்டுவிடலாம். கோயில் திருவிழா வரி நோட்டுகளையும் சொல்ல வேண்டும். தலைக்கட்டு வாரியாக வரி வசூலித்த நோட்டில் பெயர்கள் பெரும்பாலும் தெரு வரிசையில், வீடு வீடாகப் போன வரிசையில் இருக்கும். யாருக்கு அடுத்த வீடு யார் என்பதை அரசாங்கம் எழுதிவைக்காத காலத்தில் அம்மன் கோயில் கணக்குப்பிள்ளை எழுதிவைத்திருக்கிறார்.

மலைக்கு மேலே ஏறினால் நிலைமை வேறு. கொடைக்கானலில் 1845இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் சன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். அங்கே ஐரோப்பிய மாதிரிக் குடியிருப்பு தொடங்கியது அப்படித்தான். 1863இல் மதுரைக் கலெக்டர் லெவின்ஜ் ஏரியை உண்டாக்கினார், 1872இல் கோக்கர் நடைபாதை வந்தது, 1899இல் நகராட்சி அமைந்தது. அந்தக் காலத்து பங்களாக்களுக்குக் கதவு எண்ணைவிட வீட்டுப் பெயர்தான் முகவரி. வீடு கைமாறினால் பெயரும் மாறலாம். இடித்து ஓட்டல் கட்டினால் பெயர் ஓட்டலோடு போய்விடும், அல்லது பக்கத்து மனையின் புதிய கட்டடத்துக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். இங்கிலாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் முன்னோர் வாழ்ந்த வீட்டைத் தேடுகிறவர்களுக்கு உதவி நிறைய உண்டு. மிஷனின் கடிதங்கள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கின்றன, சென்னை மாகாணத் தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன, பழைய கல்லறைகளைப் பாதுகாக்கவும் பதிவுசெய்யவும் 1976இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். இத்தனை இருந்தும் வீட்டின் இடத்தை உறுதிப்படுத்துவது கடைசியில் நில ஆவணம்தான். ஒரு புகைப்படத்தில் பின்னால் தெரியும் மலைமுகடும் ஏரியின் வளைவும் திசையைச் சொல்லும். இன்ன மனை என்று சொல்வது அதன் எல்லைகள்.

இங்கேதான் இரண்டாவது எதிர்வாதம் எழுகிறது, எனக்கு மிக முக்கியமாகப் படுவதும் இதுதான். பத்திரமும் பட்டாவும் நிலம் வைத்திருந்தவர்களின் காகிதங்கள். பெரியகுளத்துக்கு அருகே கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து அந்த பங்களாவாசிகளை டோலியில் சுமந்து மலையேற்றியவர்களின் வீடு எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? காப்பித் தோட்டத்து லயன் வீட்டில் பிறந்து அங்கேயே இறந்தவரை எந்தச் செக்குபந்தி சொல்லும்? இங்கிலாந்தில் 1836ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தயாரித்த தசமபாக வரைபடங்களோடு சேர்ந்த பட்டியல்களில் ஒவ்வொரு மனைக்கும் உடைமையாளர் பெயரோடு குடியிருப்பவர் பெயரையும் எழுதினார்கள். அதனால் அங்கே குடிசைவாசியையும் தேட முடிகிறது. அந்த நாட்டின் பழைய மக்கள்தொகைக் கணக்கு ஏடுகளும் வீடு வாரியாகப் படிக்கக் கிடைக்கின்றன. நம் அ பதிவேட்டில் பட்டாதாரர் மட்டும்தான். நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டு ஏடுகளை யாரும் பார்க்க 1948ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தரவில்லை. ஆகவே நிலமற்றவர்களுக்கு என் வழி உதவாது என்று சொன்னால், பாதி உண்மை என்பேன்.

மீதிப் பாதியைச் சொல்கிறேன். நிலமற்றவர்கள் தங்கள் பத்திரத்தில் இல்லாவிட்டாலும் பிறர் பத்திரத்தில் எல்லையாக நிற்கிறார்கள். "சக்கிலியர் குடியிருப்புக்கு வடக்கு", "பறைச்சேரிப் பாதைக்கு மேற்கு" என்று அன்று எழுதிய சொற்கள் படிக்கும்போது வலிக்கும். ஆனால் அந்தக் குடியிருப்பு அந்த ஆண்டில் அந்த இடத்தில் இருந்தது என்பதற்கு அதுவே கையெழுத்தும் முத்திரையும் உள்ள சாட்சி. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க உத்தரவு பிறந்தது. சென்னை மாகாணத்தில் சுமார் 12 லட்சம் ஏக்கர் அப்படி ஒதுக்கப்பட்டதாகச் சொல்வார்கள். பஞ்சமி நிலம் எனப்படும் அந்த நிலத்தை மீட்கப் போராடுகிறவர்கள் செய்வதும் இதே வேலைதான், யு.டி.ஆருக்கு முந்தைய பதிவேடுகளில் டி.சி. (டிப்ரஸ்ட் கிளாஸ், ஒடுக்கப்பட்ட வகுப்பினர்) என்ற குறிப்பைத் தேடிப் பிடித்து, அந்தச் சர்வே எண் இன்று எங்கே, யார் கையில் என்று பின்தொடர்கிறார்கள். குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் அவர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. தோட்டத் தொழிலாளர்களுக்குச் செக்குபந்தி கிடையாது. பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு உண்டு, மஸ்டர் எனும் வருகைப் பதிவேடு உண்டு, வருங்கால வைப்பு நிதிக் காகிதம் உண்டு, கிறித்தவர் என்றால் ஞானஸ்நானப் பதிவேடு உண்டு. மலையில் தலைமுறைகளாக வாழும் பளியர்களுக்கு இவற்றில் எதுவும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் விதிகள் மூத்தவர்களின் வாக்குமூலத்தையும், கிணறு, இடுகாடு, வழிபாட்டிடம் போன்ற அடையாளங்களையும் சான்றாக ஏற்கின்றன. ஓர் அரசுச் சட்டமே காகிதத்தை விட்டு இறங்கி வந்து, அசையாத பொருள்களின் அண்மையை வைத்து ஒரு குடியிருப்பை நிறுவலாம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறது. நான் எல்லை என்று சொல்வது இதையும் சேர்த்துத்தான்.

ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் போதாதா என்பார்கள். கேட்க வேண்டும், அதுவும் உடனே கேட்க வேண்டும். ஆனால் என்ன கேட்கிறோம் என்பது முக்கியம். "எங்கள் தாத்தா வீடு எங்கே இருந்தது" என்று கேட்டால், உங்களைத் திருப்திப்படுத்த ஏதாவது ஓரிடத்தைக் காட்டிவிடும் நல்ல மனசு நம் ஊர்க்காரர்களுக்கு உண்டு. "உங்கள் சின்ன வயதில் இந்தக் கிணற்றுக்கு மேற்கே யார் இருந்தார்கள், அவர்களுக்கு அடுத்து யார்" என்று கேட்டுப் பாருங்கள். ஆண்டையும் பெயரையும் தவறவிடும் நினைவு, அடுத்தடுத்த வீட்டு வரிசையை ஆச்சரியப்படும் அளவுக்குச் சரியாகச் சொல்லும். யார் வீட்டு வாசலில் விளையாடினோம், யார் வீட்டில் மோர் வாங்கினோம் என்பது அழிவதில்லை. அந்த வரிசையைப் பத்திரத்தின் செக்குபந்தியோடு பொருத்தினால் இரண்டும் ஒன்றையொன்று திருத்தும். செயற்கைக்கோள் படம் இருக்கும்போது இத்தனை பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்றுதான் பதில்: அது இன்றைய கூரைகளைக் காட்டுகிறது. சர்வே எண்களை அதன்மேல் பொருத்திக் காட்டும் அரசு இணையதளம் பெரிய உதவிதான், ஆனால் எந்த எண் என்று தெரிந்தவருக்குத்தான் அந்த உதவி.

மூன்றாவது எதிர்ப்பு வேறு வகை. பழைய தெருக்களைத் தோண்டினால் பழைய சாதி எல்லைகள்தான் வெளியே வரும், அவற்றை மறக்க விடுவதே நல்லது என்பது. தெருக்களின் சாதிப் பெயர்களை நீக்குவது பற்றி 2025இலும் தமிழக அரசு ஆணை பிறப்பித்திருக்கிறது. அந்தப் பெயர்கள் பலகையிலிருந்து போக வேண்டும் என்பதில் எனக்குத் துளியும் மாற்றுக் கருத்து இல்லை. எந்தக் குழந்தையும் தன் முகவரியைச் சொல்லும்போது கூசக் கூடாது. ஆனால் பலகையை மாற்றுவதும் பதிவை அழிப்பதும் ஒன்றல்ல. பழைய பெயர் இது, புதிய பெயர் இது, மாற்றிய தேதி இது என்று ஒரு தாள் பேரூராட்சி அலுவலகத்தில் இல்லாவிட்டால், இழப்பு அதிகம் யாருக்கு? பத்திரம் உள்ளவர் செக்குபந்தியை வைத்துத் தேறிவிடுவார். பத்திரம் இல்லாத குடும்பத்துக்கு அந்தத் தெருப் பெயர் ஒன்றுதான் இருந்த ஆதாரம். பெயர் மாறிய சுவடும் போனால் அவர்கள் அங்கே வாழ்ந்ததையே நிரூபிக்க முடியாது. 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்தின்போது வாக்காளர்கள் தங்கள் பெயரையோ பெற்றோர் பெயரையோ 2002, 2005ஆம் ஆண்டுப் பட்டியல்களில் தேட வேண்டியிருந்தது. இருபது ஆண்டுக்கு முந்தைய தெருவும் கதவு எண்ணும் எத்தனை அவசரமான விஷயம் ஆகக்கூடும் என்பதை அந்தத் தேடல் காட்டிவிட்டது. வீடு நின்ற இடம் தெரிந்ததும் அதை உரிமை கோரிக் கிளம்புவார்கள் என்ற பயம் சிலருக்கு. இடத்தை அறிவது வேறு, சொத்து கேட்பது வேறு; முறையாக விற்றுப்போன மனையை வரலாறு திருப்பித் தராது என்பதையும் அந்தப் பத்திரங்களே சொல்லும்.

அணைக்கட்டில் மூழ்கிய வீட்டைத் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1934இல் மேட்டூர், 1959இல் வைகை என்று அணைகள் எழுந்தபோது ஊர்களும் வயல்களும் தண்ணீருக்குள் போயின. முழுதாக மறைந்தவை என்று நாம் நினைக்கும் இந்த இடங்களுக்குத்தான் ஆவணம் அதிகம். 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி எடுத்த ஒவ்வொரு நிலத்துக்கும் பரப்பு எவ்வளவு, இழப்பீடு எவ்வளவு, யார் யாருக்கு அதில் பங்கு என்று தீர்வம் எழுதியாக வேண்டியிருந்தது. அதற்கு முன் அரசிதழில் அறிவிப்பு வர வேண்டியிருந்தது. இன்று தண்ணீருக்கு அடியில் இருக்கும் மனையின் உடைமையாளர் பெயர் அரசிதழில் அச்சாகி இருக்கும்போது, அய்யம்பாளையத்து நத்தத்தில் 1970இல் இடிந்த வீட்டுக்கு ஒரு வரிகூட இல்லாமல் போகலாம்.

கர்ணம் பதவி 1980இல் ஒழிந்தபோது பரம்பரைக் கணக்குப்பிள்ளைகளின் வீடுகளில் இருந்த ஏடுகள் பல அரசிடம் வந்து சேரவே இல்லை. அவற்றில் எஞ்சியவை இன்றும் சில வீடுகளின் பரணில் இருக்கக்கூடும். உங்கள் வீட்டிலும் ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதில் செல்லாது என்று நினைத்து வைத்திருக்கும் பத்திரங்கள், வரி ரசீதுகள், பாகப்பிரிவினை நகல்கள், திருவிழா வரி நோட்டு இருக்கும். வீடு வெள்ளையடிக்கும்போது அவற்றைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாதீர்கள். சொத்து விவரம் உள்ள பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்து, செக்குபந்தியைத் தெளிவாக ஒரு தாளில் எழுதி, ஆண்டையும் ஊரையும் தாலுகாவையும் சேர்த்து, பங்காளிகள் அனைவருக்கும் அனுப்பிவிடுங்கள். உங்கள் பத்திரத்தில் எல்லையாக நிற்பவரின் பேரனோ பேத்தியோ எங்கிருந்தோ அதைத் தேடிக்கொண்டிருக்கலாம். உங்கள் ஊர்ப் பேரூராட்சி தெருப் பெயரை மாற்றத் தீர்மானம் கொண்டுவந்தால், பழைய பெயரும் புதிய பெயரும் சேர்ந்த பட்டியல் ஒன்றைத் தீர்மானத்தோடு இணைக்கச் சொல்லி மனுக் கொடுங்கள்.